முற்றிற்று என்னுஞ் சொல்

நூலிறுதியில் 'முற்றிற்று' என வரைதல் நம் முன்னோர் மரபு. இஃது இறந்தகால ஒன்றன்பாற் படர்க்கை வினைமுற்று. இதற்கு எழுவாய் நூலே, எழுதினோனல்லன். 'முடித்தேன்' என்புழி முடித்தவன் முற்பட்டுத் தோன்றுவன். 'முற்றிற்று' என்புழி அவன் அடங்கி நிற்பன்.

இளமையில் யாம் ஒரு நூலைப் படியெடுத்து, ஈற்றில் 'எழுதி முடித்தேன்' என வரைந்தேம். எம்மாசிரியர் அதனை அடித்து, 'முற்றிற்று' என்றெழுதித் தந்தனர், காரணங் கூறிலர். அஃது எமக்கு விளங்கப் பல்லாண்டு சென்றன.

முற்றுதல் என்பதற்கு நிறைதலும் முதிர்தலும் பொருளாம். 'நெல் முற்றிற்று' என்பது உலகவழக்கு. நீர் பாய்ச்சுதல் உழவன் கடன். கதிரை முற்றுவிப்பான் அவனல்லன்.

மலபரிபாகமும் இத்தகைத்தே. ஆணவம் அநாதிநித்தமாகலின் முத்தியினும் அழிவதின்று. அதன் சத்தியே மடங்கும். அப்பரிபாகம் திரோதான சத்தியான் நிகழ்வது. அற்றேல், சரியை முதலியன வேண்டாவோ எனின், வேண்டும். நீர் பாய்ச்சாதொழியிற் கதிருமின்றாம். ஆயின், அவற்றைச் செய்தான் ஒருவன் 'மலத்தை யான் முடித்தேன்' என்பானாயின், அச்சொல்லே அஃது இன்னும் முற்றாமைக்குச் சான்றாம்.