கொன்றவர் இல்லாத கொலை

கொல்லாமை என்னும் அறம் தமிழில் பேசப்பட்ட காலமெல்லாம் அதனுள் தீராத வழக்கு ஒன்று இருந்து வந்திருக்கிறது. ஓர் உயிர் மாய்ந்தால் அதன் பாவம் மாய்த்த கையைச் சேருமா, மாய்க்க எண்ணிய மனத்தைச் சேருமா, மாய்ந்ததை விலை கொடுத்து வாங்கியவரைச் சேருமா என்பதே அந்த வழக்கு. பௌத்தம் மனத்தின் பக்கம் நின்றது. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருக்கும் துறவி, பிச்சையாக வந்த புலாலை ஏற்கலாம் என்று அதன் ஒழுக்கநூல் இடம் தந்தது. சமணமோ, அறியாமல் மிதித்தாலும் எறும்பு இறந்தது இறந்ததே என்று கருதி, நடக்கும் வழியைப் பீலியால் வருடிவிட்டு அடிவைக்கும்படி தன் துறவியரைப் பணித்தது. திருக்குறளின் 26ஆம் அதிகாரமான புலால் மறுத்தல், மூன்றாமவரான வாங்குபவரையும் இந்த வழக்கில் சேர்த்தது. தின்பதற்கு வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்குக் கொல்வோரும் இருக்கமாட்டார் என்ற அதன் வாதம், கை கழுவி ஒதுங்கி நிற்க எவருக்கும் இடம் தருவதில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் மீன்களை முன்வைத்து இவ்வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இங்கே வலையும் தூண்டிலும் படாமலே, கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லாமலே, மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கின்றன.

இவ்வட்டாரத்துக்கு மீனைப் பற்றிய தனித்த சமய நினைவு ஒன்று உண்டு. சமவெளிக்கு மேலே கொல்லிமலையில், ஐயாற்றின் கரையில் அமைந்துள்ள அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத்தலம், அதாவது தனிப்பதிகம் பெறாமல் பிற பதிகங்களுக்கிடையே பெயர் வைத்துப் பாடப்பட்ட தலம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டது. அங்கே மீனைப் பிடித்து அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, அறுபட்ட துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி உயிர்பெற்று ஆற்றில் துள்ளிப் பாய்ந்தன என்று தல மரபு சொல்கிறது. இன்றும் அடியார்கள் படித்துறையில் பொரியைத் தூவ, பாறை நிறத்து முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவந்து வாய் திறக்கின்றன. அவற்றின்மேல் யாரும் வலை வீசுவதில்லை. இத்தனைக்கும் அவை தனிப்பிறவிகள் அல்ல. மலையடிவாரத்துச் சந்தையில் சாம்பல் தடவி அரிவாள்மனையில் செதில் சீவப்படும் மீன்களின் உறவுகளே. அப்படியானால் அவற்றைக் காத்து வருவது எது என்று கேட்டால், அந்த நீர்ப்பரப்புக்கு வைக்கப்பட்ட எல்லைதான் என்று சொல்ல வேண்டும்.

இதே உண்மை, சதபத பிராமணம் சொல்லும் பழைய மீன் கதையிலும் புதைந்து கிடக்கிறது. கைகழுவ எடுத்த நீரில் அகப்பட்ட சிறு மீன் ஒன்று, பெரிய மீன்கள் தன்னை விழுங்கிவிடும் என்று அஞ்சி மனுவிடம் அடைக்கலம் கேட்க, அவர் அதை முதலில் குடத்திலும், வளர்ந்தபின் குழியிலும், முடிவில் கடலிலும் விட்டு வளர்க்கிறார். ஊழிவெள்ளத்தில் அந்த மீனே அவருடைய படகை இழுத்துச் சென்று கரைசேர்க்கிறது. வலியது எளியதை விழுங்கும் நிலையை மச்ச நியாயம், அதாவது மீன்களின் நீதி என்று அரசியல் நூல்கள் பெயரிட்டு, அதைத் தடுக்கவே அரசு தேவை என்றன. அந்தப் பெயரையே பிற்காலம் பெரிதும் எடுத்துக்கொண்டது. மனு மீனுக்குக் கொடுத்த பொருள் என்ன என்று அவ்வளவாகக் கேட்கவில்லை. அவர் கொடுத்தது நீர், மீனின் அளவுக்கு ஏற்ற நீர்.

மீன்பிடிப்பவரைச் சைவ மரபு தள்ளிவைக்கவில்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். நாகப்பட்டினத்துப் பரதவரான அதிபத்தர், நாள்தோறும் வலைப்பட்டவற்றில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலே விட்டவர். ஒரே மீன் கிடைத்த வறுமை நாள்களிலும் அதையே விட்டவர். அறுபத்துமூவரில் ஒருவராகப் பெரியபுராணம் அவரைப் போற்றுகிறது. எடுப்பதற்கு முன் விட்டுவைக்கும் முறை அவரிடம் இருந்தது. அதே சைவ மரபில், குருவின் பார்வையால் அருள் பாய்வதை நயன தீட்சை என்று விளக்கவந்த நூல்கள், பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் மீனை உவமை காட்டின. உயிரியல் இதை ஏற்காது. ஆனால் செந்நிறப் பொடியாகத் திரண்டு நீந்தும் குஞ்சுகளை அடியில் நின்று காவல் காக்கும் விராலை ஏரிக்கரையில் கண்டவர், அந்த உவமை எங்கிருந்து பிறந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

சமவெளியின் நிலை வேறு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் 120 அடி நீர் ஊர்களையும் கோயில்களையும் மூழ்கடித்தது. நீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி வெளியே தெரிகிறது, மற்ற நாள்களில் அதைச் சுற்றி மீன்களே வலம்வருகின்றன. அங்கே பரிசலில் சென்று வலைபோடும் மீனவரால் மீனினம் அழிந்துவிடவில்லை. கீழே, சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் புகும் திருமணிமுத்தாறு சாக்கடையும் சாயமும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் சுமந்து நாமக்கல் மாவட்டத்தின் நஞ்சை இடையாற்றருகே காவிரியில் சேர்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் கரைகளில் அனுமதியின்றி நடக்கும் சாயப்பட்டறைகளின் கழிவும் காவிரியில் கலப்பதுண்டு.

ஜவ்வரிசி ஆலைக் கழிவிலுள்ள மாவு தன்னளவில் நஞ்சன்று என்பதுதான் கொடுமை. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுகின்றன. கெண்டை இனங்கள் நலமாக வாழ லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவு உயிர்வளி வேண்டும். 3க்குக் கீழே போனால் திணறல் தொடங்கும். இரவில் பாசியும் அதையே சுவாசிப்பதால் விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்கு வருகிறது. அப்போது மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வட்ட வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கொல்லிமலைப் படித்துறையில் பொரிக்காகத் திறக்கும் வாயைப் போன்றதே அதுவும். இங்கே அது மூச்சுக்காகத் திறக்கிறது. வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வயிறு மேலே திரும்பிவிடுகிறது.

இக்கொலைக்குக் கொலைஞர் இல்லை. நல்லெண்ணமும் கொல்லக்கூடும் என்பதற்குக் காவிரியின் கூன்முதுகு மகசீர் சான்று. ஒரு மனிதர் தூக்கத் திணறும் எடைக்கு வளரும் இந்த மீனைத் தூண்டிலில் பிடித்து, அளந்து, திரும்ப விடுவதை விளையாட்டாகக் கொண்டவர்கள் கர்நாடகக் கரைக்கு உலகெங்கிலுமிருந்து வந்தனர். முள் குத்திய வாயின் வலியைச் சமணம் மன்னிக்காது. எனினும் அந்த இனத்தின் குறைவை முதலில் கவனித்தவர்களில் அவர்களும் உண்டு. ஆற்றை வளப்படுத்தவென்று கொண்டுவந்து விடப்பட்ட வேற்று மகசீர் குஞ்சுகள் பெருகி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2018இல் அது மிகவும் அருகி அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

மனத்தை மட்டும் எடைபோடும் நீதி இந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது. பட்டறைக்காரர் மீனை நினைக்கவே இல்லை என்று அது விடுதலை தந்துவிடும். விளைவையும் கணக்கில் வைத்த சமணமே இங்கே பொருந்துகிறது. அதைவிடவும் பொருந்துவது குறளின் வாதம். புலால் வாங்குபவர் கொலையில் பங்காளி என்றால், கழிவைச் சுத்திகரிக்காமல் மலிவாக்கிய துண்டையும் லுங்கியையும் ஜவ்வரிசியையும் வாங்குபவரும் பங்காளியே. வாழ்நாளெல்லாம் மீன் தொடாத மரக்கறி வீட்டாரும் இதிலிருந்து தப்ப முடியாது. கொல்லாமையை உணவுத்தட்டோடு நிறுத்திக்கொண்டது பிற்காலச் சமயப் பேச்சின் பெருங்குறை.

ஆடிப்பெருக்கன்று மேட்டூரிலும் மோகனூரிலும் காவிரியை அன்னை என்று கும்பிட்டு நீராடுவோர், கரையேறி உடுத்தும் துணியின் சாயம் எந்த நீரில் அலசப்பட்டது என்று கடைக்காரரிடம் கேட்கத் தொடங்க வேண்டும். கழிவைச் சுத்திகரிக்க ஆகும் செலவைத் துணியின் விலையில் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.