வாளியின் உரிமை

பஹ்ரெயினில் ஒரு பழமொழி உண்டு: அதாரி தூரத்தில் இருப்பவனுக்குப் பாய்ச்சும், பக்கத்தில் இருப்பவனைக் கைவிடும். அதாரி என்பது ஈசா டவுனுக்கு வடக்கே சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்த இயற்கை நீரூற்று. அதன் நீர் வாய்க்கால் வழியே தொலைவிலுள்ள தோட்டங்களுக்குப் போனதாம், ஊற்றடி நிலம் காய்ந்து கிடந்ததாம். வெளியாருக்கு அள்ளிக் கொடுத்து வீட்டாரை மறப்பவரைப் பார்த்து இதைச் சொல்வார்கள். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் இந்தத் தீவின் ஊற்றுகள் பலவும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வற்றிப்போயின. இன்று குழாயில் வருவது பெரும்பாலும் உப்பகற்றிய கடல்நீர்.

ஊற்று வற்றினாலும் பழமொழி வற்றவில்லை. எங்களைப் பார்த்தும் அதைச் சொல்லலாம். ஊரில் கிணறு வெட்டவும் சுத்திகரிப்பு இயந்திரம் பூட்டவும் நாங்கள் காசு சேர்க்கிறோம். கோடை வெயிலில் வேலை முடித்து, யாரோ ஒருவர் தன் மதிலோரம் தர்மத்துக்கு வைத்த குளிர்நீர்ப் பெட்டியில் போத்தல் நிரப்பும் தொழிலாளியைக் கடந்துதான் அந்தக் காசை அனுப்பப் போகிறோம். பக்கத்தில் இருப்பவருக்கா, தூரத்தில் இருப்பவருக்கா, யாருக்கு நாம் கடமைப்பட்டவர்கள்?

தத்துவ அறிஞர் பீற்றர் சிங்கர், 1971இன் கிழக்கு வங்காள அகதிகளின் துயரத்தை முன்வைத்து, 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தைக்கும் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் சாகும் குழந்தைக்கும் அறத்தின் முன் வித்தியாசம் இல்லை, தூரம் ஒரு சாட்டாகாது என்பது அவர் வாதம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் பழமொழியும் சிங்கரும் தூரத்தை நிலத்தில்தான் அளக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இன்னொரு தூரம் தெரியும்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு எங்களுடையது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரை நம்பி வாழ்ந்தோம், கிணறுதான் எல்லாம். அந்தக் கிணற்றடியில் ஒடுக்கப்பட்ட சாதியினர் குடத்தோடு காத்து நின்றார்கள். வாளியைத் தொடக்கூடாது. உயர்ந்த சாதிக்காரர் யாராவது வந்து, மனம் வைத்து, அள்ளி ஊற்றவேண்டும். கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தது சும்மா அல்ல. காத்து நின்றவருக்குத் தண்ணீர் கிடைத்தது. ஊற்றியவர் தன்னைத் தர்மவான் என்றுகூட நினைத்திருப்பார். கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. உரிமைதான் எட்டாத தூரத்தில் இருந்தது. 1927இல் மஹத்தின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் கையால் அள்ளிக் குடித்ததும் இந்த உரிமைக்காகத்தான், தாகத்துக்காக அல்ல.

2009க்குப் பிறகு வெளிநாட்டுக் காசில் ஊரில் எத்தனையோ கிணறுகளும் தாங்கிகளும் எழுந்திருக்கின்றன. தாய் தகப்பன் நினைவாகப் பெயர்க்கல்லும் பதிக்கிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வயிற்றோட்டத்தால் வாடும் பிள்ளைக்கு யார் ஊற்றினாலும் நல்ல தண்ணீர் நல்ல தண்ணீர்தான். சாதி ஒழியும்வரை பொறுத்திரு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அள்ளி ஊற்றுவதோடு நின்றுவிட்டால், பழைய கிணற்றடியையே புதுச் சீமெந்தில் கட்டுகிறோம்.

மதீனாவின் ரூமா கிணற்றைப் பற்றி இஸ்லாமிய மரபில் ஒரு செய்தி உண்டு. அதன் நீர் காசுக்கு விற்கப்பட்டதாம். பிற்காலத்தில் கலீபாவான உதுமான் அதை விலைக்கு வாங்கிப் பொதுவாக்கினார். என்னைத் தொட்டது அதில் சொல்லப்படும் நிபந்தனை: வாங்குபவரின் வாளியும் மற்றவர்களின் வாளிகளைப் போலவே அதில் இறங்கவேண்டும். கொடுத்தவருக்கென்று தனி உரிமை இல்லை. மதிலோரக் குளிர்நீர்ப் பெட்டியிலும் இந்தக் குணம் உண்டு. தொழிலாளி தானே குழாயைத் திறக்கிறார். எந்த நாடு, எந்தச் சாதி என்று கேட்க அங்கே ஆளில்லை.

காத்திருப்பது என்னவென்று இப்போது எல்லாருக்கும் தெரியும். 1995 இடப்பெயர்வில் வலிகாமமே தென்மராட்சியில் தண்ணீர் தேடி அலைந்தது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் 2014, 2015இல் வெடித்தபோது, சொந்தக் கிணறு உள்ளவர்களும் பவுசரை எதிர்பார்த்து நின்றார்கள். 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. வீட்டுக்கே குழாய் வந்தால் கட்டணம் கட்டுபவர் யார் தயவையும் பார்க்கவேண்டியதில்லை. ஆனால் காணித்துண்டும் இணைப்புக்குக் காசும் இல்லாதவர் அப்போதும் தூரத்தில்தான் நிற்பார்.

ஆகவே காசு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்போம். கிணறு யாருடைய காணியில்? திறப்பு யார் கையில்? ஊரிலேயே கடைசியாக மதிக்கப்படும் மனிசி, நடுப்பகலில், எவரிடமும் கேட்காமல் அதில் வாளியை இறக்கலாமா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், ஈசா டவுனிலிருந்து அனுப்பினாலும் அது பக்கத்து வீட்டுக்குச் செய்ததுதான். இல்லை என்று வந்தால், நாம் அந்தக் கிணற்றடியிலேயே வாழ்ந்தாலும் அவருக்குத் தூரத்து ஆட்களே.