கோட்டியில் ஒரு குட்டி மாளிகை

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரில் இருட்டத் தொடங்கியதும் கர்ரி பாயிண்ட் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வீட்டில் குக்கரில் சோறு மட்டும் வைத்துவிட்டு, பப்பு (பருப்பு), வேப்புடு (வறுவல்), சாம்பார் என்று பொட்டலமாக வாங்கிப் போகும் குடும்பங்கள் நகரம் முழுக்க உண்டு. ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியிலும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் ஏராளம். அரிசெலு, சுன்னுண்டலு, சகினாலு என்று பாட்டி கைப் பலகாரங்களையும் சுவகிருஹா கடைகள் எடைபோட்டுத் தருகின்றன. வீட்டுப் பலகாரம்கூடக் கடையில் கிடைக்கிற ஊரில், துணைக்கென்று ஒருவர் தன் கையால் எதையாவது செய்து கொடுப்பதற்கு என்ன பொருள் மிச்சமிருக்கிறது?

இதைப் பற்றி யோசிக்கிறவர்கள் ஈ.சி.ஐ.எல். சந்திப்பில் பேருந்து ஏறி ஒருமுறை கோட்டிக்குப் போய் வரலாம்.

அங்கே மகளிர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பழைய பிரிட்டிஷ் ரெசிடென்ஸி நிற்கிறது. உயர்ந்த தூண்களும் வாசலில் கல் சிங்கங்களும் கொண்ட மாளிகை. 1803-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கட்ட ஏற்பாடு செய்தவர், நிஜாம் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அகில்லிஸ் கிர்க்பாட்ரிக். வரைபடம் போட்டவர் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் சாமுவேல் ரஸ்ஸல். கிர்க்பாட்ரிக்கின் மனைவி கைருன்னிசா, ஹைதராபாத்தின் உயர்குடியில் பிறந்தவர். இஸ்லாமிய முறைப்படி நடந்த அந்தத் திருமணம் கம்பெனி மேலிடத்தில் விசாரணை வரைக்கும் போனது.

கைருன்னிசா கோஷா முறையில் வாழ்ந்தவர். மாளிகைக்குப் பின்னால் அவருக்கென்று ரங் மஹால் என்ற அந்தப்புரம் எழுந்தது. அந்நிய ஆண்கள் நடமாடும் முன்பக்கத்துக்கு அவர் வர முடியாது. அதனால் முழு மாளிகையையும் சிறிய அளவில் அப்படியே வடித்து, அந்தப்புரத் தோட்டத்தில் அவர் பார்வைக்கு வைத்தார் கிர்க்பாட்ரிக் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. ரங் மஹால் பிற்பாடு இடிக்கப்பட்டுவிட்டது. குட்டி மாளிகை மட்டும் சிதைந்தும் சீர்செய்யப்பட்டும் இன்றைக்கும் இருக்கிறது.

நகைக்கோ பட்டுக்கோ குறைவில்லாத வீட்டுப் பெண் அவர். தன் கணவன் கட்டிய வீட்டின் முகம்தான் அவர் கண்ணுக்கு எட்டாதிருந்தது. அந்த ஒன்றைக் கவனித்ததில்தான் பரிசின் உயிர் இருக்கிறது. சுண்ணாம்பும் செங்கல்லும் அதற்குப் பிறகுதான். ஆனாலும் அந்தப் பரிசு அவருக்கு முன்வாசலைத் திறந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1805-இல் அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். கைருன்னிசா தன் பிள்ளைகளை மறுபடி பார்க்கவே இல்லை.

துணையை அறிந்து கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பொருளாதாரம்கூட அளந்து பார்த்திருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், அவர்களுக்கு வந்த கிறிஸ்துமஸ் பரிசுகளின் விலையையும் அவர்களே அவற்றுக்குப் போட்ட மதிப்பையும் கேட்டு ஒப்பிட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்று 1993-இல் எழுதினார். தூரத்து உறவினர்கள் கொடுத்ததில் நஷ்டம் அதிகம். நண்பர்களும் காதல் துணையும் கொடுத்ததில் மிகக் குறைவு. கூடப் பழகுகிறவருக்கு மற்றவரின் மனம் தெரிகிறது. காதலர் தினத்துக்காகக் கடை வாசலில் அடுக்கியிருக்கும் இதய வடிவ டப்பாக்களை எடுத்துக் கொடுப்பவர், அந்த அறிவைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்.

அதற்காகக் கையால் செய்ததெல்லாம் அன்பாகிவிடாது. 2012-இல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டேன் ஏரியலி மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. காகிதத்தில் பொம்மை மடித்த கத்துக்குட்டிகள், தேர்ந்த கலைஞர் மடித்ததற்கு ஏறக்குறைய ஈடான மதிப்பைத் தங்கள் பொம்மைக்குக் கொடுத்தார்கள். பார்த்த மற்றவர்களுக்கோ அது கசங்கிய காகிதம் போலத்தான் இருந்தது. பாடுபட்டவருக்குத் தன் பாடு இனிக்கிறது. ஆசையாகக் கேக் செய்து நீட்டிவிட்டு, 'எப்படி இருக்கு?' என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பரிசு யாருக்கு என்பது குழம்பிப்போகிறது. சாப்பிடுகிறவரை நினைத்துச் செய்தால்தான் அது அவருக்கானது.

ஹைதராபாத்தின் குபானி கா மீட்டா இதற்கு நல்ல உதாரணம். சமையல் பழக்கமில்லாதவரும் செய்யலாம். பொறுமை மட்டும் வேண்டும். உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் கொட்டையை எடுத்துவிட்டு, ஊறிய தண்ணீரிலேயே குழைய வேகவைத்து, கடைசியில் சர்க்கரை சேர்க்க வேண்டும். எடுத்த கொட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளே பாதாம்போல இருக்கும் பருப்பைத் தோலுரித்து மேலே தூவுவார்கள்.   பழமே இனிப்பு என்பதால் வீட்டில் செய்யும்போது சர்க்கரையை வெகுவாகக் குறைக்கவும் முடியும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. துணையும் அவர்களில் ஒருவர் என்றால், அன்றைய பரிசு இனிப்பாக இல்லாமல் அவருக்குப் பிடித்த வேர்க்கடலைச் சுண்டலாகவே இருக்கலாம். அதற்காக அன்பின் அளவு குறைந்துவிடாது.

யார் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடங்களை. தினமும் சமைக்கிற மனைவி இன்னொரு பலகாரம் செய்தால், அது அவருடைய பாரத்தோடு சேர்ந்த இன்னொரு வேலை. அவருக்குக் கணவர் ஆக்கிப்போடும் ஒரு வேளைச் சோறு, அல்லது அலுவலகம் முடிந்து வருகையில் வாங்கி வரும் கர்ரி பாயிண்ட் பொட்டலம்கூட, அன்றைக்குப் பெரிய பரிசாக இருக்கலாம். குபானி கிண்டப் போகும் கணவர்கள் சர்க்கரை எவ்வளவு போடலாம் என்று மனைவியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்ப்பதும் அவர்கள் பொறுப்பாகவே இருக்கட்டும்.