டிராகன் ஆண்டுப் பிள்ளைகள்

ஆண்டுக்குப் பெயரிடுவது நமக்குப் புதியதன்று. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்களைச் சுழலவிட்டு, ஒருவர்க்கு அகவை அறுபது நிறைந்ததும் அவர் பிறந்த ஆண்டே திரும்பி வந்ததெனக் கருதி மணிவிழாக் கொண்டாடுகின்றோம். சீனரிடமும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. அவர்கள் அதனைப் பன்னிரண்டு விலங்குகளிடம் ஒப்படைத்துள்ளனர். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்னும் வரிசையில் ஆண்டுக்கு ஒன்றாக அவை ஆட்சி செய்யும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தும் இவற்றோடு மாறி மாறிச் சேர்ந்து வர, அறுபதாம் ஆண்டில் சுற்று நிறைவுறும்.

இப்பன்னிரண்டில் பதினொன்றை நாம் கண்டிருக்கின்றோம். ஐந்தாவதாகிய டிராகனை மட்டும் ஒருவரும் கண்டதில்லை. அதனாலேதான் போலும், பெற்றோர் உள்ளம் அதன்மேல் சென்று படிந்தது. பன்றியின் குணம் யாதென்று எவரும் வேலியோரம் சென்று பார்த்துக்கொள்ளலாம். காணாத விலங்குக்கோ எப்பெருமையையும் ஏற்றலாம்.

‘டிராகன்’ என்னும் சொல் மேலை நாட்டார் தந்தது. அவர்கள் கதையில் அது குகையில் கிடந்து நெருப்பை உமிழும். வீரன் ஒருவன் வந்து அதனைக் கொல்வான். சீனரின் ‘லுங்’ அத்தகையதன்று. அது நீருக்குரியது, மேகத்தை ஏவி மழை பொழிவிப்பது. மானின் கொம்பு, மீனின் செதில், கழுகின் நகம் எனப் பல உயிர்களின் உறுப்புகளைக் கூட்டி அதன் உருவைச் சமைத்தனர். ஐந்து நகமுடைய டிராகன் பேரரசரின் ஆடைக்கு உரியதாயிற்று. கடல்நாகம் என்றும் பறவைநாகம் என்றும் தமிழில் பெயரிட்டுப் பார்த்ததுண்டு. இரண்டும் அதன் பாதி உடம்பைத்தான் பிடிக்கின்றன.

தம் மகன் டிராகனாக வேண்டுமென்று விரும்புவதைக் குறிக்க நான்கே எழுத்தில் ஒரு தொடர் சீன மொழியில் உண்டு. மகன் மேன்மையுற வேண்டும் என்பதே அதன் பொருள். எந்த மொழியில் பெற்றோர்க்கு இந்த ஆசை இல்லை? ஆயின், ஆசையை ஆண்டுக்கணக்கில் கட்டிவைத்தபோது நிகழ்ந்தது வேறு. தைவானில் 1975-இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 68 ஆயிரம். டிராகன் ஆண்டாகிய 1976-இல் அத்தொகை 4 இலட்சத்து 20 ஆயிரத்தைக் கடந்தது. சிங்கப்பூரில் 1987-இல் 43 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த பிறப்பு, 1988-இல் 53 ஆயிரத்தை நெருங்கியது. 1987-இல் அந்நாட்டு அரசு, வசதியுள்ளோர் மூன்று பிள்ளைகளும் அதற்கு மேலும் பெறலாம் எனக் கொள்கையை மாற்றியதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணமே. எல்லாப் புகழையும் டிராகனுக்கே கொடுத்துவிட வேண்டியதில்லை.

இதனைக் கேட்டவுடன், பழமையின் பிடியிலிருந்து மீளாதவர் செயல் இது என்று சொல்லத் தோன்றும். மக்கள்தொகை ஆய்வாளர் டேனியல் குட்கைண்ட் 1991-இல் வெளியிட்ட கட்டுரை அவ்வாறு சொல்லவொட்டாமல் நம்மைத் தடுக்கிறது. 1976-க்கு முந்திய டிராகன் ஆண்டுகளில் இத்தகைய ஏற்றம் காணப்படவில்லை என்று அவர் காட்டினார். டிராகன் மங்கலமானது என்னும் எண்ணம் பழையது. அவ்வாண்டில் பிள்ளை பெறத் திட்டமிடும் வழக்கமோ நம் காலத்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் கைக்கு வந்த பின்னரே அது இயல்வதாயிற்று. பிள்ளைப்பேறு இறைவன் கொடை என்றிருந்த பாட்டி, எந்த ஆண்டு என்று கேட்டிருக்க மாட்டாள். படித்த பேத்தி மருத்துவரிடம் நாள் கணக்கிட்டுக் கேட்கிறாள். அறிவியல் வளர்ந்தால் இவை தாமே உதிரும் என்று நம்புவோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும்.

இந்த எண்ணத்தை எதிர்த்து முதலில் கேள்வி எழுப்பியவரும் சீனரே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சுங் என்னும் அறிஞர் ‘லுன்ஹெங்’ என்னும் தம் நூலில், விலங்குகளையும் ஐம்பொருள்களையும் இணைத்துப் பேசியோரை எள்ளி நகையாடினார். எலி நீருக்குரியது, குதிரை நெருப்புக்குரியது, நீர் நெருப்பை வெல்லுமெனின் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்பது அவர் வினா. டிராகன் விண்ணுக்கு ஏறும் என்னும் கதையை மறுப்பதற்கென்றே அந்நூலில் ஓர் இயல் எழுதினார். இத்தனைக்கும் அவர் விதியை நம்பாதவர் அல்லர். நம்பியதனாலேயே அதனைக் கடுமையாகச் சோதித்தார். கி.மு. 260-இல் சாங்பிங் போரில் சரணடைந்த சாவ் நாட்டு வீரர் நான்கு இலட்சம் பேர் உயிரோடு புதைக்கப்பட்டனர் என்பது மரபுச் செய்தி. அத்தனை பேரும் ஒரே விதியோடு பிறந்தனரோ என்ற கேள்வியை அவர் எதிர்கொண்டார். நாட்டின் விதி தனியாளின் விதியை மூழ்கடித்துவிடும் என்பது அவர் கண்ட விடை.

அந்த விடைக்கு 1976-ஆம் ஆண்டே சான்றாயிற்று. சூலை 28-ஆம் நாள் விடியற்காலையில் தாங்ஷான் நகரம் நிலநடுக்கத்தால் தரைமட்டமாயிற்று. அரசுக் கணக்கின்படி இறந்தோர் 2 இலட்சத்து 42 ஆயிரம் பேர். எலியாண்டிற் பிறந்தவர், புலியாண்டிற் பிறந்தவர், அவ்வாண்டிலேயே பிறந்து தொட்டிலிற் கிடந்தவர் என்று அந்த மண் பிரித்துப் பார்க்கவில்லை.

எல்லைக்கோடும் ஒரு வேடிக்கை. 2024-இல் டிராகன் ஆண்டு பிப்ரவரி 10-இல் பிறந்தது. முதல்நாள் இரவு பிறந்த குழந்தை முயல். மறுநாள் அடுத்த கட்டிலில் பிறந்தது டிராகன். சோதிடருள் ஒரு சாரார் ஆண்டுப் பிறப்பைப் பிப்ரவரி 4-ஆம் நாளையொட்டி வரும் வேனில் தொடக்கத்தில் வைப்பர். அவர் கணக்கில் இரண்டும் டிராகனே. வியட்நாமியரோ முயலின் இடத்தில் பூனையை வைத்திருக்கின்றனர்.

இங்கே நின்றுவிட்டால் பணி எளிது; பொய் என்று தள்ளிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் 2017-இல் நாசி மோகன், ஹான் யூ என்னும் பொருளியலறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வு நம்மை எளிதில் விடுவதாயில்லை. சீனாவில் டிராகன் ஆண்டில் பிறந்தோர் கல்லூரி நுழைவுத் தேர்வில் பிறரைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றதையும், கல்லூரிக் கல்வி பெறுவதில் முந்தியதையும் அவர்கள் கண்டனர். பிள்ளைகளிடமோ குடும்பங்களிடமோ இயல்பான வேறுபாடு எதுவும் புலப்படவில்லை. வேறுபாடு பெற்றோரின் எதிர்பார்ப்பில் இருந்தது. இவன் வெல்லப் பிறந்தவன் என நம்பியோர் அவனுக்காகப் பொழுதையும் பொருளையும் மிகுதியாகச் செலவிட்டனர். நம்பிக்கை தன்னைத் தானே மெய்யாக்கிக்கொண்டது.

அப்படியானால் அந்நம்பிக்கையில் தீங்கென்ன? ஒரு பிள்ளை முன்னேறிற்று. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்போர் உண்டு. அவர்களை நோக்கி நாம் கேட்பது இது: அவன் அக்காள் முயலாண்டில் பிறந்தாளே, அவளுக்கு அந்தப் பொழுதும் பொருளும் ஏன் இல்லை? கொடுக்கும் ஆற்றல் பெற்றோர் கையில் முன்னரே இருந்தது என்பதைத்தானே அந்த ஆய்வு மெய்ப்பித்தது? வறுமையால் கொடுக்க இயலாத பெற்றோரை எவரும் குறை கூறார். கொடுக்க இயன்றும் ஆண்டைப் பார்த்து அளந்து கொடுப்பது வேறு. டிராகன் பிள்ளைக்கும் அந்த வாழ்வு இனிதாயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. கூட்டமாகப் பிறந்த பிள்ளைகள் பள்ளியிலும் வேலையிலும் கூட்டத்தோடே முட்டிமோத வேண்டும். தோற்றால் தன் தோல்வியோடு பெற்றோரின் சோதிடத் தோல்வியையும் அவனே சுமக்க வேண்டும்.

நாணயத்தின் மறுபக்கம் இன்னும் கொடியது. சப்பானியரும் இதே சுழற்சியைக் கொண்டவர்கள். நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு எமன் என்பது அங்கே நிலவிய பேச்சு. 1965-இல் 18 இலட்சத்து 24 ஆயிரம் குழந்தைகள் பிறந்த அந்நாட்டில், நெருப்புக் குதிரை ஆண்டாகிய 1966-இல் பிறந்தவை 13 இலட்சத்து 61 ஆயிரம். மறு ஆண்டே அத்தொகை 19 இலட்சத்தைத் தாண்டியது. மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய பின், ஒலிம்பிக் விளையாட்டை நடத்தி முடித்த பின் நிகழ்ந்தது இது. அந்த ஆண்டு வேண்டாம் என்று ஒதுங்கிய பெற்றோர் அனைவரும் மூடர் என்று நாம் கருதவில்லை. நமக்கு நம்பிக்கையில்லை, ஆனால் நாளை பெண் கேட்டு வருபவர்க்கு இருந்தால் என் செய்வது என்று அஞ்சியோரே பலராயிருப்பர்.

அந்தக் குரல் நமக்குப் பழக்கமானது. பிழைப்பு நாடி ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்கள் எத்தனையோ பொருள்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தன. பிள்ளைகளின் சாதகக் குறிப்பை மட்டும் பெட்டியின் அடியில் பத்திரமாகக் கொண்டுவந்தன. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனார்க்கு ஆகாள் என்பதை நாம் நம்புவதில்லை என்றே ஒவ்வொரு வீட்டிலும் சொல்கின்றோம். ஆயினும் அந்தக் குறிப்பு எதிர்வீட்டாரிடமிருந்து திரும்பி வந்துகொண்டேயிருக்கிறது. சீனத்து டிராகனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு அவ்வளவாக இல்லை.

சீனரிடமே டிராகனைப் பற்றி மற்றொரு கதை உண்டு. மஞ்சளாற்றில் ‘டிராகன் வாயில்’ என்றோர் இடம். நீரோட்டத்தை எதிர்த்து வரும் கெண்டை மீன் அவ்வாயிலைத் தாவிக் கடந்துவிட்டால் டிராகன் ஆகிவிடும் என்பர். அரசுத் தேர்வில் வென்ற எளிய வீட்டுப் பிள்ளைக்கு இதனை உவமையாக்கினர். ஆண்டு தந்த டிராகன் ஒன்று. ஆற்றை எதிர்த்துப் பெற்ற டிராகன் ஒன்று. ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் ஒரே நூலில் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் படித்த நமக்கு, ஒரே மக்கள் இவ்விரண்டையும் போற்றுவது வியப்பளிக்காது. நமக்குக் கெண்டையின் கதையே உவப்பானது. ஆயினும் அதிலும் ஒரு முள் உண்டு. தாவித் தோற்ற மீன் நெற்றியில் தழும்போடு திரும்பும் என்று அக்கதை சொல்கிறது. வாயிலுக்கே போகாமல் ஆற்றில் வாழ்ந்து முடியும் மீனைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. மகன் டிராகனாகாமல் நல்ல தச்சனாகவோ, நல்ல கணக்கனாகவோ இருந்தால் போதுமென்ற தந்தைக்கு எந்த நான்கெழுத்துத் தொடர் இருக்கிறதோ!

2024-இல் சீனாவில் 95 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. முந்திய ஆண்டைவிட 5 இலட்சத்து 20 ஆயிரம் மிகுதி. ஆண்டுக்காண்டு சரிந்துவந்த எண்ணிக்கை சற்றே நிமிர்ந்தது. தொற்றுநோய்க் காலத்தில் தள்ளிப்போன திருமணங்கள் நடந்தேறியதும் அதற்குத் துணை. அவ்வாண்டைத் தவறவிட்டு 2025-இல் பிள்ளை பெற்றோர்க்குக் கிடைத்தது பாம்பாண்டு. அதற்காக அவர்கள் கலங்குவதில்லை. பாம்பைச் சீனர் ‘சிறிய டிராகன்’ என்று வழங்குவதுண்டு. அந்தப் பெயரைச் சொல்லியே தாய்மார் தம் பிள்ளைகளைக் கொஞ்சுகின்றனர்.