ஒட்டுப்பலகைப் பெட்டியில் ஓர் அடக்கம்

2018 பிப்ரவரி 28 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில், பில்லி கிரகாமின் உடல் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. 1956-ல் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்து பெருங்கூட்டங்களில் பிரசங்கித்தவர் என்பதால் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பழக்கமான பெயர் அது. நாட்டின் அதிபர்களுக்கு இறுதி மரியாதை செய்யும் அந்த மண்டபத்தில் ஒரு மத போதகரின் உடல் வைக்கப்பட்டது அதுவே முதல்முறை. அவர் கிடந்ததோ பிளைவுட் பெட்டியில். லூசியானா மாநிலத்து அங்கோலா சிறைச்சாலையின் தச்சுப்பட்டறையில் கைதிகள் செய்த பெட்டி அது. உள்ளே சாதாரண மெத்தை விரிப்பு, மூடியின்மேல் ஒரு மரச்சிலுவை, விலை சுமார் 200 டாலர். 2005-ல் அந்தச் சிறைக்குப் போன அவருடைய மகன் பிராங்க்ளின் கிரகாம், இறந்த கைதிகளுக்காக அங்கே செய்யப்பட்ட பெட்டிகளைப் பார்த்து, தம் பெற்றோருக்கும் அதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவைத்தார். 2007-ல் தாய் ரூத் அப்படி ஒரு பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்துத் தந்தை.

நம் ஊரில் ஒருவர் தம் தகப்பனாருக்கு இப்படிப் பெட்டி வாங்கினால் பேச்சு வரும். பெற்ற அப்பனுக்கு நல்ல மரத்தில் ஒரு பெட்டி வாங்க வக்கில்லையா என்று முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் கடன் வாங்கியாவது தேக்குப் பெட்டி எடுக்கிறார்கள். செத்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடமை மரத்தின் தரத்தில் இருக்கிறதா என்பது சமயம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. புதைக்கும் வழக்கமுள்ள சமயங்கள் தங்கள் சடங்கில் பெட்டியிடம் கேட்பது மிகக் கொஞ்சம் என்பது என் வாதம். உடலைச் சிதையாமல் குழிவரை சுமந்து போகவேண்டும். அங்கே போனபின் மண்ணுக்கும் உடலுக்கும் நடுவே நெடுங்காலம் நிற்காமல் விலகிக்கொள்ள வேண்டும். இருப்பவன் இல்லாதவன் என்ற கணக்கைக் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. இந்த அளவுகோலில் பார்த்தால் ஒட்டுப்பலகைக்குக் குறை சொல்ல அதிகமில்லை, தேக்குக்குத்தான் இருக்கிறது.

மரப்பெட்டி ஏதோ ஆதிமுதல் வந்த விதி என்று நினைப்பவர்கள் இயேசுவின் அடக்கத்தையே எண்ணிப் பார்க்கலாம். அங்கே பெட்டி கிடையாது. துணியில் சுற்றிய உடல் பாறையில் வெட்டிய கல்லறையில் கிடத்தப்பட்டது. அக்கால எருசலேமில் வசதியுள்ள குடும்பங்கள் சதை கரைந்தபின் எலும்புகளைச் சேர்த்துச் சுண்ணாம்புக்கல் பேழையில் வைத்தன. தமிழ் மண்ணிலோ ஆதிச்சநல்லூரிலும் கொந்தகையிலும் நம் முன்னோர் சுட்ட மண்தாழிகளில் இறந்தோரை வைத்துப் புதைத்தார்கள். முஸ்லிம்கள் கஃபன் துணியில் சுற்றி, பெட்டியே இல்லாமல் நேராகக் கபுறில் இறக்குகிறார்கள். எல்லாவற்றையும்விட நேரடியான சான்று யூதர்களின் தல்மூதில் இருக்கிறது. ஒரு காலத்தில் சாவின் துயரத்தைவிட அடக்கச் செலவு உறவினருக்குப் பெரும் பாரமாகி, பிணத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற நிலைமை வந்ததாம். அப்போது ரப்பான் கமாலியேல் என்ற தலைவர் தம்மை எளிய லினன் துணியிலேயே கொண்டுபோகச் செய்தார். ஊரும் அதைப் பின்பற்றியது. அதே இடத்தில் பாடையைப் பற்றியும் ஒரு விதி வருகிறது. பணக்காரரை அலங்காரக் கட்டிலிலும் ஏழையைச் சாதாரணப் பாடையிலும் தூக்கிப் போனார்கள். ஏழைக்கு அது தலைகுனிவாக இருந்ததால் இனி எல்லாரையும் சாதாரணப் பாடையிலேயே தூக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சமத்துவம் எந்தத் திசையில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழைக்கு அலங்காரக் கட்டில் வாங்க நன்கொடை திரட்டவில்லை. பணக்காரர் இறங்கி வந்தார். பில்லி கிரகாம் குடும்பம் செய்ததும் அதுதான்: கைதிக்குச் செய்த பெட்டியில் கைதிக்குச் சமமாகப் படுத்துக்கொள்வது.

இனி மரத்துக்கு வருவோம். தேக்கை நாம் மதிப்பது அது உளுக்காது, கரையான் எளிதில் அண்டாது, தண்ணீர்பட்டாலும் தாங்கும் என்பதற்காக. கதவுக்கும் படகுக்கும் அது பெருங்குணம். மண்ணுக்குத் திரும்பவேண்டிய உடலைச் சுற்றி வைக்கும் பெட்டிக்கு அதே குணம் குறையாகிவிடுகிறது. கரைய மறுப்பதற்காக விலை கூடிய ஒரு பொருளை, கரைவதற்கென்றே தோண்டிய குழியில் வைக்கிறோம். முதிர ஐம்பது அறுபது ஆண்டு எடுக்கும் மரம் அது. அந்தப் பெட்டியை மனிதக் கண்கள் பார்ப்பது ஒரு பகல். பெட்டியின் அடிப்பலகைக்கு ஏறக்குறைய இரண்டடி அகலம் வேண்டும். அந்த அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைக்க மிகப் பருத்த மரம் தேவைப்படுவதால், முழுமரப் பெட்டி என்று வாங்குவதிலும் இரண்டு மூன்று துண்டுகளைப் பசை போட்டு இணைத்துத்தான் தச்சர் அகலம் கூட்டுகிறார். பிளைவுட்டில் எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு இருந்தால் ஆறேகால் அடிப் பெட்டி ஒன்றுக்கு அடி, மூடி, பக்கம் எல்லாம் வெட்டி எடுத்தபின் மிச்சமும் இருக்கும். கேரளத்துப் பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகளுக்குப் போகும் மரத்தில் பெரும்பகுதி பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரம். அந்தத் தடியை இயந்திரத்தில் சுழற்றி மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒரு ஏட்டின் இழை நெடுக்கே போனால் அடுத்ததன் இழை குறுக்கே வரும்படி அடுக்கி, பசையிட்டுச் சூட்டில் அழுத்துகிறார்கள். குறுக்கு இழைதான் அதன் பலம். வெயிலிலும் ஈரத்திலும் பலகை வெடிக்காமல் நிற்பது அதனால்தான்.

இறந்தவருக்கு நாம் கொடுக்கும் கடைசிப் பொருள் அது, அதில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான உணர்ச்சி, அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அந்த உணர்ச்சிக்கு எது நிறைவு தரும் என்பதில்தான் வேறுபடுகிறேன். அங்கோலாவில் பெட்டி செய்யத் தொடங்கிய கதையே இதற்கு விடை. அதற்குமுன் அங்கே இறந்த கைதிகளை மிக மலிவான அட்டைப் பெட்டிகளில் புதைத்துவந்தார்கள். 1990-களின் நடுவில் ஓர் அடக்கத்தின்போது அப்படி ஒரு பெட்டி தாங்காமல் போயிற்று. அதைக் கண்ட சிறை அதிகாரி பர்ல் கெய்ன், இனி அப்படி நடக்கக் கூடாது என்று சிறைத் தச்சர்களையே உறுதியான பெட்டி செய்யச் சொன்னார். அவமரியாதை என்பது உடல் கீழே விழுவது. சுமக்கும் தோள்கள் நம்பித் தூக்கக்கூடிய அடிப்பலகை, இழுத்தால் கையோடு வராத கைப்பிடி, நேராக உட்காரும் மூடி: மரியாதை இந்த வேலைத்திறனில் இருக்கிறது. ஆகவே எல்லாக் கலவைப் பலகையும் ஒன்று என்றும் சொல்லமாட்டேன். பார்ட்டிகிள் போர்டின் வெட்டுமுனையைப் பார்த்தால் தூளும் சில்லும் இறுகிக் கிடப்பது தெரியும். அந்த முனையில் ஏற்றிய திருகாணி பிடிக்காது. ஈரம் பட்டால் உப்பி உதிரும். ஐப்பசி மழையில் சேறான குழிக்கு முன்னால் பெட்டியைத் தரையில் வைத்து ஜெபம் முடியும்வரை காத்திருக்கும் ஊரில், அடிப்பலகைக்கு அதைப் போடுவது தவறு. அடிக்கும் பக்கங்களுக்கும் பிளைவுட்தான் ஏற்றது.

எளிமையை மேலிருந்து திணித்தால் அது அவமதிப்பாகாதா என்பது இன்னும் கனமான கேள்வி. ஆகும் என்பதே என் பதில். 1784-ல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், மரத்தையும் இடத்தையும் மிச்சப்படுத்த, உடலைச் சாக்கில் இட்டு, அடிக்கதவு திறக்கும் பொதுப்பெட்டி ஒன்றில் கொண்டுபோய்க் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஆணையிட்டார். மக்கள் கொதித்தார்கள், அடுத்த ஆண்டே ஆணையைத் திரும்பப் பெற்றார். அவர் எண்ணிய சிக்கனத்தில் தர்க்கம் இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களின் விருப்பத்துக்கு அதில் இடமே இருக்கவில்லை. கமாலியேலோ தம் உடலிலிருந்து தொடங்கினார். இரண்டுக்கும் உள்ள தூரம் இதுதான். இலங்கையில் 2021-ல், கோவிட் சாவுகள் பெருகியபோது, தெகிவளை–கல்கிசை மாநகர சபை வழியாகக் காகித அட்டைச் சவப்பெட்டிகள் வந்தன. மரப்பெட்டிக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆனாலும் ஏழைக்கு மட்டும் அட்டை, மற்றவருக்கு மரம் என்று நின்றுவிட்டால் பெட்டியே ஏழ்மைக்கு அடையாள அட்டை ஆகிவிடும். மாற்றம் வசதியுள்ளவரின் வீட்டில் தொடங்க வேண்டும். ஊரில் மதிக்கப்படும் ஒருவர் பிளைவுட் பெட்டியில் போனால் அடுத்த மாதம் கூலித்தொழிலாளியின் மகன் அதே பெட்டியை வெட்கமில்லாமல் வாங்குவான்.

பசையைப் பற்றிய ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பலகைகளை ஒட்டுவது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்தப் பிசின். மண்ணுக்கு மண் என்று சொல்லிவிட்டு மண்ணில் பிசினைப் புதைக்கலாமா? இங்கே ரகம் பார்ப்பது அவசியம். யூரியா வகைப் பிசின் ஈரத்தில் நாளடைவில் சிதையும். வெளிப்படும் ஃபார்மால்டிஹைடை மண்ணின் நுண்ணுயிர்கள் உடைக்கும். மரைன் பிளை என்று பெருமையாக விற்கும் ஐ.எஸ். 710 ரகத்தில் இருப்பது பீனால் வகைப் பிசின். கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் பிரியக் கூடாது என்பது அந்த ரகத்துக்கான சோதனை. அப்பாவுக்காக உயர்ந்த ரகம் என்று யாராவது அதைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். யூரியா வகைப் பிசினால் ஒட்டிய, எம்.ஆர். எனப்படும் சாதாரண ரகமே குழிக்குப் பொருத்தம், கரையான் மருந்து ஏற்றாததாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. இதே கண்டிப்பை மரப்பெட்டிக்கும் காட்டவேண்டும். அதன் மேல் பூசிய பாலிஷ், உள்ளே தைத்த பாலியெஸ்டர் சாட்டின், பிளாஸ்டிக் கைப்பிடி ஆகியவை பிசினைவிடத் தூயவை என்று யாரும் சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துசேரும்வரை உடலுக்குள் ஏற்றும் பதப்படுத்தும் மருந்திலும் இருப்பது ஃபார்மால்டிஹைடுதான்.

ஒட்டுப்பலகைப் பெட்டியில் எனக்கு உண்மையான மனத்தாங்கல் ஒன்று உண்டு. அது தன்னை மறைத்துக்கொள்ளும்போது வருவது. பிரிட்டனில் இன்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு. மேலே ஓக் மர வினீரோ, மர வரி அச்சிட்ட தாளோ ஒட்டி, பித்தளை போலப் பளபளக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி மாட்டுகிறார்கள். நம்மிடமும் சன்மைக்கா ஒட்டித் தேக்குபோலக் காட்டும் பெட்டிகள் வந்துவிட்டன. மனிதனைப் பற்றிய கடைசி உண்மையை வாய்விட்டுச் சொல்லும் சடங்கு அடக்கம். பதவி, சொத்து, அழகு எதுவும் கூட வராது என்று போதகர் குழியருகே நின்று சொல்கிறார். அவர் காலடியில் கிடக்கும் பெட்டி தான் இல்லாத ஒன்றாக நடிப்பது அந்தச் சொற்களுக்கே முரண். அதோடு பிளாஸ்டிக் பூச்சு மண்ணையும் தடுக்கிறது. அங்கோலாப் பெட்டி பிளைவுட் என்பதை ஒளிக்க முயலவில்லை. செய்த கைதிகளின் பெயர்கள் அதில் சூட்டுக்கோலால் பதிக்கப்பட்டிருந்தன. தொழிலாளியின் பெயர் தாங்கிய, மேல்பூச்சில்லாத ஒட்டுப்பலகை, போலித்தேக்கைவிட நேர்மையான பொருள்.

உடல் உயிர்த்தெழும் என்று நம்புகிறவர்கள் உடலுக்கு நல்ல பாதுகாப்புத் தரவேண்டாமா என்றும் கேட்கலாம். கடலில் மூழ்கியவரும் நெருப்பில் வெந்தவரும் எழுவார்கள் என்று அறிக்கையிடும் விசுவாசம், பெட்டியின் ஆயுளை நம்பி நிற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையிலேயே இது தெரிகிறது. திருத்தந்தையரைச் சைப்ரஸ், ஈயம், ஓக் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகளில் அடக்கிவந்த வழக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ல் சடங்கு நூலைத் திருத்தி விலக்கினார். 2025 ஏப்ரல் 26 அன்று, உள்ளே துத்தநாகத் தகடு வைத்த ஒரே மரப்பெட்டியில் அவர் அடக்கமானார். அந்தத் தகடும் இல்லாதிருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டு மரபுள்ள ஒரு சபையில் அது சிறிய படி ஆகாது.

சாவு வீட்டில் பெட்டி தேர்ந்தெடுக்க ஓரிரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அழுது களைத்த மகனிடம் கடைக்காரர் விலை உயர்ந்ததைக் காட்டும்போது மறுத்துப் பேச அவனுக்குத் தெம்பிருக்காது. எனவே சேகரக் கமிட்டிகளும் பங்குப் பேரவைகளும் உள்ளூர்த் தச்சரிடம் ஒரே அளவு, ஒரே ரகம், பூச்சில்லாத பிளைவுட் பெட்டிகளைச் செய்வித்து, ஆயரானாலும் கூலிக்காரரானாலும் அதுவே என்று தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் வரும்வரை காத்திராமல், தனக்கு இந்தப் பெட்டி போதும் என்று பிள்ளைகளிடம் இன்றே சொல்லி எழுதிவைத்துவிடுங்கள்.