யுத்தப் பழி யார் தலையில்?

லண்டன் மாநகரின் தென்கிழக்கே லூயிஷாம் வட்டாரத்தில், கேட்ஃபோர்டிலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் ரோட் பள்ளிக்கூடத்தின்மீது, 1943ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி, பிள்ளைகள் மத்தியான உணவுக்கு உட்கார்ந்திருந்த வேளையில், தாழப் பறந்து வந்த ஜெர்மானிய விமானம் ஒன்று குண்டு போட்டது. 38 குழந்தைகளும் பள்ளியைச் சேர்ந்த பெரியவர்கள் 6 பேரும் மாண்டனர். அவர்களில் பலர் ஹிதர் கிரீன் மயானத்தில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டார்கள். குண்டு போட்டவன் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆயினும், அபாயச் சங்கு ஏன் காலத்தில் ஊதவில்லை, வானில் நிற்கவேண்டிய தடுப்புப் பலூன்கள் ஏன் மேலே இல்லை என்று ஜனங்கள் கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்கள் ஹிட்லருக்குப் பரிந்து பேசியவர்கள் அல்லர். கொன்றவனுடைய குற்றம் ஒரு கணக்கு. காப்பதற்குக் கடமைப்பட்டவனுடைய தவறு இன்னொரு கணக்கு. ஒன்றில் ஏறிய பற்று மற்றொன்றின் வரவில் கழிந்துவிடுவதில்லை. யுத்தத்தைப் பற்றிய வாதங்களில் பாதிக்குமேல் வெறும் கூச்சலாய் முடிவதற்குக் காரணம், இவ்விரு கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுத முற்படுவதுதான்.

அந்நாளில் உள்துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் மந்திரியாக இருந்தவர் ஹெர்பர்ட் மோரிசன். பலூன்கள் விமானப்படையின் வசம். எதிரி வருவதைக் கண்டு தகவல் சொல்வதும் அப்படையின் வேலை. ஜனங்களின் பாதுகாப்போ மோரிசனின் இலாகா. பல கைகளில் பகிர்ந்து கொடுக்கப்பட்ட பொறுப்பு, விபரீதம் நேர்ந்த மாத்திரத்தில் எந்தக் கையிலும் இல்லாமற் போவது சர்க்கார்களின் பழைய சுபாவம். இதில் கவனிக்கத் தக்கது, பதில் சொல்லும் ஸ்தானத்தில் இருந்த இதே மோரிசன், மூன்றாண்டுகளுக்கு முன் கேள்வி கேட்கும் ஸ்தானத்தில் இருந்தவர் என்பதே.

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயின்மீது படையெடுத்தபோது, அதை எதிர்க்கச் சென்ற பிரிட்டிஷ் சேனை மத்திய நார்வேயிலிருந்து சில வாரங்களிலேயே திரும்பிவர நேர்ந்தது. மே 7, 8 தேதிகளில் பார்லிமெண்டில் நடந்த விவாதத்தின் இரண்டாம் நாள், தொழிற்கட்சியின் சார்பில் எழுந்த மோரிசன், இப்பொருளைப் பேச்சோடு விடாமல் வாக்கெடுப்புக்கு விடப்போவதாக அறிவித்தார். 281க்கு 200 என்ற கணக்கில் சர்க்கார் பிழைத்தது. ஆனால் வழக்கமாக இருநூறைத் தாண்டும் பெரும்பான்மை 81ஆகச் சுருங்கியதைக் கண்ட பிரதமர் சேம்பர்லின் மே 10ஆம் தேதி பதவி விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் சர்ச்சில். நார்வே நடவடிக்கைக்குக் கப்பற்படை மந்திரி என்ற முறையில் சேம்பர்லினைக் காட்டிலும் நெருங்கிய பொறுப்பு உடையவராயிருந்தவரும் அதே சர்ச்சில்தான்! அவர் தமது இலாகாவின் பொறுப்பைச் சபையில் முழுமையாக ஏற்க முன்வந்தபோது, சகாக்கள்மேல் சிதறல் படாமல் காக்கும் பதுங்குமிடமாக அவர் தம்மை ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று முன்னாள் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பதில் சொன்னார். தோல்வியின் பழி அதை நடத்தியவரை விட்டுவிட்டு, அதற்குமுன் பல்லாண்டுகள் நடந்த சமாதான நாட்டத்துக்குத் தலைமை வகித்தவரைப் போய்ச் சேர்ந்தது. தேசத்துக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நன்மை விளைந்ததனாலேயே பழி சரியாகப் பங்கிடப்பட்டது என்று ஆகிவிடாது.

இரண்டு மாதங்களில் 'குற்றவாளி மனிதர்கள்' என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு சிறு நூல் வெளிவந்து அமோகமாக விற்பனையாயிற்று. பதினைந்து பேரின் பெயர்கள் அதில் இருந்தன. 1938இல் ஹிட்லரோடு உடன்பாடு செய்துகொண்டு மியூனிக்கிலிருந்து திரும்பிய சேம்பர்லினை வீதியில் நின்று ஆரவாரித்து வரவேற்ற ஜனத்திரளின் பெயர் அதில் இல்லை. யுத்தம் தொடங்குவதற்குச் சில மாதங்களே இருந்த 1939 ஏப்ரலில், கட்டாய ராணுவ சேவையை எதிர்த்து வாக்களித்த தொழிற்கட்சியின் பெயரும் இல்லை. அந்த வாக்குக்கு அவர்களிடம் காரணங்கள் இருந்தன. ஆனால் தமக்குக் காரணங்களும் பிறருக்குக் குற்றங்களும் என்று பங்கிடுவதை நியாயமான விசாரணை என்று சொல்ல முடியாது.

மோரிசன் மந்திரியான பின், 1942 மார்ச்சில், 'டெய்லி மிரர்' பத்திரிகை ஒரு சித்திரத்தை வெளியிட்டது: கப்பல் மூழ்கடிக்கப்பட்ட மாலுமி ஒருவன் நடுக்கடலில் உடைந்த பலகைமேல் கிடக்கிறான், பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்ந்த செய்தி அதன்கீழே. சர்க்காரைக் குறை சொல்வதாக அதைப் பொருள் கொண்ட மோரிசன், பத்திரிகையையே மூடிவிட நேரும் என்று எச்சரித்தார். எதிர்வரிசையில் இருக்கும்வரை தேசசேவையாகத் தெரிந்த நிந்தனை, மந்திரி ஆசனத்திலிருந்து பார்க்கும்போது தேசத்துக்கு அபாயமாகத் தெரிந்தது போலும். ஆயினும் 1945இல் அவர் கிழக்கு லூயிஷாம் தொகுதியில் நின்றபோது, அதுவரை கன்சர்வேடிவ் வசமிருந்த அத்தொகுதி மக்கள் 15,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகளை இழந்த வட்டாரம் அவரை மன்னித்துவிட்டது என்று இதற்குப் பொருளா? இல்லை. இனி யார் ஆளலாம் என்பதே தேர்தலின் கேள்வி; முன்பு யார் தவறினார் என்பதற்கு அது விடை சொல்வதில்லை. 2010 ஜனவரியில் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ஷ பெற்ற பெருவெற்றியைக் குற்றமின்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் இதைச் சற்று யோசிப்பது நலம்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொய் சொன்னவன் பொற்கொல்லன் என்பது தெரிந்தும், பழியைத் தானே ஏற்று உயிர் விட்டான் என்பதைத் தமிழர் ஓயாமல் பேசுகிறோம். அவனுக்குப்பின் வந்த வெற்றிவேற் செழியன், ஒருவனுடைய பொய்க்காக ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டதும் அதே காவியத்தில்தான் இருக்கிறது. அதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

லூயிஷாமில் இன்று ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். கிளாரெண்டன் ரைஸ் வீதியில் சிவன் கோயில் இருக்கிறது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த யுத்தத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். விடுதலைப் புலிகளின் தலைமை தவறிழைத்ததா என்று கேட்பவனை ஒரு குரல் துரோகி என்கிறது. அரசின் எறிகணைகளைப் பற்றிக் கேட்பவனை மற்றொரு குரல், உங்கள் தலைமைதானே ஜனங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது என்று மடக்குகிறது. இரண்டும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட் பெற்றோர் செய்யாத பிழையைச் செய்கின்றன. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் என்று அரசே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப்படை ஷெல் அடித்தது என்ற குற்றச்சாட்டை நம்பத்தக்கது என்றது. சாதாரண ஜனங்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. தப்பியோட முயன்றோரைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. ஐ.நா. தன் பங்குக்குத் தவறியதை 2012இல் அதன் உள்விசாரணையே ஒப்புக்கொண்டது.

இவற்றுள் கொன்றவனின் கணக்கில் முதற்பெயர் இலங்கை அரசினுடையதே. அதை எந்தச் சமாதானமும் மாற்றாது. ஆனால் 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலைத் தமிழர் புறக்கணிக்கும்படி செய்து, இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வாக்குகளில் ராஜபக்ஷ வெல்ல வழிவிட்ட முடிவு யாருடையது, அதன் பலன் அன்றே ஊகிக்கக் கூடியதாயிருந்ததா, எச்சரித்தவர்களின் வாயை அடைத்தது யார், கடல் கடந்து இருந்தவர்களில் மனமுவந்து பணம் கொடுத்தவர் யார், அச்சத்தால் கொடுத்தவர் யார் என்பவை வேறு கணக்கைச் சேர்ந்த கேள்விகள். விளைவைப் பார்த்துப் பழி சுமத்தாமல், ஒருவன் அன்று அறிந்திருந்தது என்ன, அவன் கையில் இருந்த அதிகாரம் என்ன என்று அளந்து கேட்டால், வலயத்துக்குள் சிக்கிக் கிடந்த குடியானவனும் கிளிநொச்சியில் உத்தரவு போட்டவனும் ஒரே வரியில் வரமாட்டார்கள். முதற்கணக்கில் மேல்மட்டத்தார் எவரும் இன்றுவரை நீதிமன்றத்தில் தண்டனை பெறவில்லை. அதற்காக ஜெனீவாவில் மனுக் கொடுக்கும் நாம், இரண்டாவது கணக்கை நமக்குள்ளே திறந்து பார்க்க எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.