தள்ளாத வயதும் பிள்ளைகளின் பொறுப்பும்



ஹழ்ரத் ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் மக்களுக்குச் சில துஆக்களை, எழுத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிக் கொடுத்து வந்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகைக்குப் பின் எவற்றிலிருந்தெல்லாம் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்களோ அவையே அந்தத் துஆக்களில் உள்ளன. கோழைத்தனம் அதில் உண்டு. கப்றின் வேதனையும் உண்டு. அவற்றோடு ‘அர்தலுல் உமுர்’ என்ற ஒன்றும் உண்டு. ஆயுளின் மிகத் தாழ்ந்த நிலை என்பது அதன் பொருள். எல்லாம் அறிந்திருந்த மனிதர், பின்பு எதையும் அறியாதவராகி விடும் அந்த நிலையைத் திருமறை அந்நஹ்ல் சூராவிலும் அல்ஹஜ்ஜு சூராவிலும் சுட்டிக் காட்டுகிறது.

இதனை இன்றைய வைத்தியர்கள் ‘டிமென்ஷியா’ என்கிறார்கள். நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் சற்று அதிகமானோருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. ‘உம்மாவுக்கு நிதானம் தவறிப் போச்சு’ என்று நம் வீடுகளில் சொல்கிறோம். சிலர் ஜின் கோளாறு என்று தாயத்துக் கட்ட அலைகிறார்கள். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். தைராய்டுக் கோளாறாலும் பி-12 சத்துக் குறைவாலும் வரும் மறதி மருந்தால் சரியாகக் கூடியது. அதை விட்டுவிட்டுத் தகடு எழுதிக் கொண்டிருப்பது அறிவுடைமையாகாது.

இப்பொருள் பற்றி நான் எழுதத் துணிந்ததற்கு என்னுடைய தவறு ஒன்றே காரணம். அதை மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவில் பெற்றோர் கடமை பற்றிப் பயான் செய்தேன். பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ முதுமையில் அடைந்தும் சுவர்க்கம் புகாதவனின் மூக்கு மண்ணில் தேயட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை சொன்ன ஹதீதை எடுத்துக் கொண்டு, முதியோர் இல்லத்தின் வாசலை மிதிப்பவன் நரகத்தின் வாசலை மிதிக்கிறான் என்ற தோரணையில் முழங்கினேன். கூட்டம் உருகிற்று. எனக்கும் திருப்தியாக இருந்தது.

அந்த ஜமாஅத்தில் ஒரு சகோதரர் இருந்தார். வளைகுடாவில் வேலை. விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய உம்மா நள்ளிரவில் கதவைத் திறந்து கொண்டு வெளியே போய்விடுவார். இரண்டு முறை ரயில்வே கேட் அருகே கண்டுபிடித்துக் கொண்டு வந்தார்கள். மலஜலம் தெரிவதில்லை. மாற்ற வருபவரை அடிப்பார். தக்க இல்லம் ஒன்றில் சேர்ப்பதாக இருந்த அவர், என் பயானைக் கேட்டுப் பயந்து, எண்ணத்தைக் கைவிட்டு விட்டு விமானம் ஏறிவிட்டார். வீட்டில் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும்தான். ஆறு மாதம் கழித்து ஒரு மய்யித்துக்காக அந்தத் தெருவுக்குப் போனபோது, உள் அறையொன்றின் வெளித்தாழ்ப்பாளில் பூட்டுத் தொங்கக் கண்டேன். உள்ளிருந்து கதவைத் தட்டும் ஓசை வந்தது. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, “நான் என்ன செய்யட்டும் ஹஜ்ரத்? சமையல் செய்யும் நேரமாவது பூட்டி வைக்க வேண்டியிருக்குதே” என்று அழுதார்.

அந்தப் பூட்டில் எனக்கும் பங்கு இருந்தது.

பனீ இஸ்ராயீல் சூராவில், பெற்றோர் முதுமை அடைந்தால் ‘உஃப்’ என்று கூடச் சொல்லாதே என்று அல்லாஹு தஆலா தடுக்கும் இடத்தில் ‘இந்தக’ என்றொரு சொல் வருகிறது. ‘உன்னிடத்தில்’ என்று பொருள். வீட்டிலும் பொறுப்பிலும் இருப்பதையே இது குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். ஆகவே பெற்றோருக்கு முதல் இடம் பிள்ளையின் வீடுதான். இதில் எனக்குச் சந்தேகமில்லை. வசதியுள்ள பிள்ளைகள், உம்மா தொந்தரவாக இருக்கிறார் என்பதற்காக வெளியேற்றுவது பாவம். நம் நாட்டுச் சட்டமே 2007-ல் பெற்றோர் பராமரிப்பைப் பிள்ளைகள் மீது கடமையாக்கி, கைவிடுவோருக்குச் சிறைத் தண்டனையும் வைத்திருக்கிறது. ஆனால் ‘உன்னிடத்தில்’ என்ற அந்தச் சொல், பூட்டிய அறைக்குள் இருக்கும் தாயையும் துபாயில் இருக்கும் மகனையும் சேர்த்துப் பிடிக்குமா என்று யோசியுங்கள்.

மருமகள் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மாமியாருக்குப் பணிவிடை செய்வது ஷரீஅத்தில் மருமகள் மீது கடமையன்று. மனமுவந்து செய்தால் அது இஹ்ஸான், பெரும் நன்மை. கடமை மகன் மீதும் மகள் மீதும் உள்ளது. ‘என் தாயை இவள் சரியாகப் பார்க்கவில்லை’ என்று குறை சொல்லும் கணவன்மார், தாம் ஒரு நாளாவது அந்த ஆடையை மாற்றியதுண்டா என்று கேட்டுக் கொள்ளட்டும். பெண்மக்களும், “காக்கா பார்த்துக்குவாங்க” என்று ஒதுங்க முடியாது.

எனவே முதலில் சகோதர சகோதரிகள் முறை வைத்துக் கொண்டு பார்க்க முடியுமா, கூலிக்கு ஓர் ஆளை வீட்டிலேயே அமர்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும். அதுவும் கைகூடாமல், வீட்டில் அவருக்கே ஆபத்து என்றாகி விட்டால், தக்க பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது கைவிடுதல் ஆகாது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அமானத்தை ஒப்படைக்க முடியாது. பால் குடிக்கும் பிள்ளையைச் செவிலித்தாயிடம் கொடுப்பது அரபு நாட்டு வழக்கமாக இருந்தது. கொடுத்தவர்கள் பெற்றோர் இல்லாமல் போய்விடவில்லை.

இனி, எந்த இல்லம் என்ற கேள்வி. பணம் கட்டிவிட்டுத் திரும்புபவர்கள் இதை ஆராய்வதில்லை.

சாதாரண முதியோர் இல்லங்கள் பல, நடமாட்டமும் நிதானமும் உள்ளவர்களைத்தான் ஏற்கின்றன. மறதி முற்றியதும் ‘அழைத்துப் போங்கள்’ என்று சொல்லி விடும். ஆகவே, படுக்கையில் விழுந்த பிறகும் வைத்துக் கொள்வீர்களா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அரசாங்கப் பதிவு உண்டா, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், வைத்தியர் எப்போது வருகிறார் என்று விசாரியுங்கள். கட்டிலில் கட்டி வைக்கிறார்களா, அடங்கிக் கிடக்கத் தூக்க மருந்து கொடுக்கிறார்களா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ஏற்கனவே அங்கிருப்பவர்களின் முதுகைப் பற்றிக் கேட்டாலே அந்த இல்லத்தின் தரம் தெரிந்துவிடும்.

பார்க்கப் போவதும் காலை பத்து மணிக்கு அல்ல. இந்நோயாளிகளுக்கு அஸருக்குப் பின் மஃரிபு வரை தடுமாற்றம் கூடுவது வழக்கம். பணியாளரின் பொறுமை தெரிவதும் அப்போதுதான். சொல்லாமல் ஒருநாள் அந்நேரம் போங்கள். சாப்பாட்டு வேளையில் ஒருநாள் போங்கள். ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டு நகர்கிறார்களா என்று பாருங்கள். மூக்கையும் உபயோகியுங்கள். மூத்திர வாடை நிலைத்து நிற்கும் கூடத்தில் நஜீஸ் எவ்வளவு நேரம் உடலில் இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெண்களுக்குப் பெண்களே சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் விட்டுக் கொடுக்காதீர்கள். நினைவு போனாலும் வெட்கம் போவதில்லை. உம்மாவின் தலைத்துணி நழுவினால் அவர் கையே அதைத் தேடும். அவர் பேசும் தமிழைப் புரிந்து கொள்ளும் ஆள் இருக்க வேண்டும். ஹலாலான உணவு வேண்டும். இறைச்சி பற்றி நிச்சயமில்லாவிட்டால் சைவமாகவே கொடுக்கச் சொல்லலாம்.

முஸ்லிமல்லாதார் நடத்தும் இல்லம் கூடுமா என்று கேட்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஒரு யூதச் சிறுவர் பணிவிடை செய்து வந்தார். ஹிஜ்ரத்தின்போது, குறைஷியர் தேடிக் கொண்டிருந்த அந்த ஆபத்தான பயணத்திற்கு வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் அப்போது முஸ்லிம் அல்லர். வழி தெரிந்தவர், நம்பிக்கையானவர் என்பதே பார்க்கப்பட்டது. இரக்கமுள்ள கிறிஸ்தவ நர்ஸின் கையில் உம்மா இருப்பது, பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுக் கன்னத்தில் அறையும் கையில் இருப்பதை விட மேல்.

வணக்கத்தைப் பற்றிச் சில மஸ்அலாக்கள். தூங்குபவர், சிறுவர், புத்தி நீங்கியவர் ஆகிய மூவரிடமிருந்து பேனா உயர்த்தப்பட்டது என்று ஹதீதில் வந்துள்ளது. புத்தி முற்றிலும் நீங்கியவர் மீது தொழுகையும் நோன்பும் இல்லை. நோன்புக்காக ஃபித்யாவும் இல்லை. தெளிவு வரும் நேரத்தில் இயன்றபடி தொழட்டும். ரக்அத்து மாறுகிறதென்று அதட்டுவது, அல்லாஹ் இறக்கி வைத்த சுமையை நாம் தூக்கி வைப்பதாகும். அவருடைய பொருளுக்கு ஜகாத் ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. பொறுப்பாளர் கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இல்லை.

அவருடைய சொத்தில் எச்சரிக்கை தேவை. நிதானம் தவறியவர் செய்யும் ஹிபாவும் வஸிய்யத்தும் செல்லாது. உம்மாவை இல்லத்தில் சேர்க்கும் வாரத்தில் பெருவிரல் ரேகை வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்! அவருக்குப் பொருள் இருந்தால் இல்லத்துச் செலவை முதலில் அதிலிருந்தே செய்யலாம். கணக்கு எழுதி எல்லா வாரிசுக்கும் காட்ட வேண்டும். இல்லையேல் வசதியுள்ள மகனும் மகளும் சுமக்க வேண்டும். புத்தி குறைந்தவர்களின் கையில் பொருளைக் கொடுக்காமல் அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கச் சொல்லும் அன்னிஸா சூரா, அத்தோடு அவர்களிடம் நல்ல சொல் சொல்லவும் ஏவுகிறது. அந்த மூன்றாவதைத்தான் நாம் மறந்து விடுகிறோம்.

“தர்காவுக்குப் போய் வரலாம்” என்று பொய் சொல்லி அழைத்துப் போய் விட்டுவிடாதீர்கள். ‘உம்மா, உங்களைப் பார்த்துக் கொள்ளும் இடத்துக்குப் போகிறோம், நானும் இன்று உங்களோடு இருப்பேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். மறைந்த வாப்பாவை அவர் தேடினால், மவுத்தாகிவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லித் துக்கத்தைப் புதுப்பிக்கவும் வேண்டாம். ‘வாப்பாவுக்கு உங்கள் மேல் எவ்வளவு பிரியம்’ என்றால் அது உண்மையும் ஆகும், ஆறுதலும் ஆகும். அவருடைய தஸ்பீஹ் மணியையும் பழகிய போர்வையையும் கூடவே அனுப்புங்கள். பிள்ளையின் பெயர் மறந்தவருக்கும் சிறு வயதில் ஓதிய ஃபாத்திஹா நாவில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

நான் சொன்ன சகோதரரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த விடுமுறையை எடுத்து வந்து, நாலு இல்லங்களை ஏறி இறங்கிப் பார்த்து, ஒன்றில் சேர்த்தார். நானும் உடன் போனேன். வெள்ளிதோறும் அவருடைய மனைவியும் லாத்தாவும் மாறி மாறிப் போகிறார்கள். அவர் வந்தால் தினமும் போகிறார். “நீ யாரு வூட்டுப் புள்ளை?” என்று உம்மா கேட்கிறாராம். “உங்க வூட்டுப் புள்ளைதான் உம்மா” என்கிறாராம். “அப்படியா? சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும், “நீ யாரு வூட்டுப் புள்ளை?”

கடைசியாக ஒரு காரியம். சேர்க்கும் அன்றே ஒரு கடிதம் எழுதி இல்லத்து அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். உம்மாவுக்கு ஸக்ராத் நிலை தெரிந்தால் இரவானாலும் இன்னாருக்குச் சொல்ல வேண்டும். மவுத்தானால் நாங்கள் வரும்வரை பெண்களே துணியால் மூடி வைக்க வேண்டும். குளிப்பாட்டலும் கஃபனும் நம் ஜமாஅத்துப் பெண்கள் செய்வார்கள். மய்யித்து நம் கப்ருஸ்தானுக்கே வரும் என்று அதில் இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவரின் எண்ணை மட்டும் எழுதாமல், உள்ளூரில் இருவரின் எண்ணையும் பள்ளிவாசல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகலைப் பேஷ் இமாமிடமும் கொடுத்து வையுங்கள்.